நகைக்கடன் மேசை

நகைக்கடன் கேட்டு வருகிறவரிடம் பாங்குக்கு முக்கியமாகத் தெரிய வேண்டியது இரண்டுதான்: எடை எவ்வளவு, தங்கம் என்ன தரம். மற்றதெல்லாம் அவராகச் சொல்வது. காவிரிப் பாசனப் பகுதிக் கிளை ஒன்றில் பல ஆண்டுகள் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவன் நான். கேட்காமலே காரணம் சொல்லாத மனிதரைப் பார்த்தது அபூர்வம்.

காரணங்களுக்கும் பருவம் உண்டு. ஜூன் பிறந்தால் கூட்டம் நெருக்கும். பள்ளிக்கூடம் திறந்துவிடும், மேட்டூரில் வழக்கப்படி 12-ஆம் தேதி தண்ணீர் விட்டார்களானால் குறுவைக்கு உழவு, விதை, ஆள்கூலி என்று செலவும் மடை திறந்துகொள்ளும். தை அறுவடை முடிந்தபிறகு அதே முகங்கள் நகையைத் திருப்ப வரும். அப்போது யாரும் காரணம் சொல்வதில்லை. சத்தமாகப் பேசுவார்கள், அவ்வளவுதான்.

விவசாய நகைக்கடனுக்கு 3 லட்சம் ரூபாய் வரை 7 சதவீத வட்டி, தவணை தவறாமல் கட்டினால் மானியம் போக 4 சதவீதம் என்று இருந்த காலத்தில் ஊரில் விவசாயி அல்லாதவரே இல்லை. ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் மாமனார் பெயரில் இருந்த நிலத்தின் சிட்டாவோடு வந்தார். என்ன பயிர் என்று கேட்டேன். அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். “உளுந்து” என்றார் அந்த அம்மாள், கண் இமைக்காமல். விவசாயக் கடன் கிடைக்கவில்லை. கடையை உண்மையில் நடத்துவது யார் என்பது எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

எங்கள் மதிப்பீட்டாளர் பரம்பரைப் பொற்கொல்லர். உரைகல்லில் நகையை இழுத்து, அந்தக் கோட்டில் அமிலம் தொட்டு வைத்து, நிறம் நிற்கிறதா கரைகிறதா என்று பார்ப்பார். நகை கொடுப்பவரின் சொந்தமா, இரவலா என்பதைச் சொல்ல அவருக்கு அமிலம் தேவைப்படாது. சொந்த நகைக்காரர் தராசைப் பார்ப்பாராம். இரவல் வாங்கி வந்தவரோ, எங்கே தேய்ந்துவிடுமோ என்று உரைகல்லையே பார்த்துக்கொண்டிருப்பாராம். சொந்த நகை என்று எழுதி வாங்கும் கையெழுத்தைவிட எனக்கு அவருடைய இந்தச் சோதனையில் நம்பிக்கை அதிகம்.

முதலில் வருவது வளையலும் ஆரமும். தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு கொடியை மட்டும் கொண்டுவருகிறவர்களிடம் நாங்களும் தாழ்ந்த குரலில்தான் பேசுவோம். வறுமையைவிட, வறுமையைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிடுவாரோ என்பதுதான் மனிதர்களை அதிகம் வாட்டுகிறது என்று அங்கே தோன்றியது. கிளையில் தெரிந்தவர் எதிர்ப்பட்டால் பலருக்குச் சட்டென்று பாஸ்புக் பதிவு ஞாபகம் வந்துவிடும்.

இதற்கெல்லாம் அடங்காத ஒரு மூதாட்டி இருந்தார். கணவர் இறந்தவர், மூன்று மகன்கள். பத்துப் பவுனுக்குக் குறையாத நகையை வைத்து ஐயாயிரம் ரூபாய் மட்டும் வாங்குவார். அந்தப் பணத்தையும் தம் சேமிப்புக் கணக்கிலேயே போட்டுவிடுவார். ஆண்டு முடிந்தால் வட்டி கட்டிப் புதுப்பிப்பார். மகன்களோ மருமகள்களோ நகையைக் கேட்டால் “பாங்கில் அடகில் இருக்கிறது, மீட்டுத் தாருங்கள்” என்பார். அதற்குப் பிறகு அவர்கள் அந்தப் பேச்சை எடுப்பதில்லையாம்.

வீணாக வட்டி கட்டுகிறாரே என்ற பரிதாபத்தில், லாக்கர் எடுத்துக்கொள்ளலாமே என்றேன்.

“லாக்கர் என்றால் என் கையில் சாவி கொடுப்பீர்களே, தம்பி. அதை நான் எங்கே ஒளித்துவைப்பது?”

புதுப்பிக்கும் படிவத்தை எடுத்து நீட்டினேன். நோக்கம் என்ற இடத்தில் ‘குடும்பச் செலவு’ என்று எழுதச் சொன்னார்.