ஒரே ஈற்றில் இரண்டு அப்பன்

எங்கள் காசிமேட்டுத் தெருவில் ஒரு மூன்று கலர் பூனை இருக்கிறது. வெள்ளை உடம்பில் அங்கங்கே கருப்பும் செவலையும், மூக்குக்குப் பக்கத்தில் மட்டும் மை தீற்றின மாதிரி ஒரு திட்டு. எதிர்வீட்டு ஆயா ஏலம் முடிந்து மீன் கூடையோடு வந்து இறங்கும்போதே அதற்குத் தெரிந்துவிடும், கவளைத் தலைக்காக வாசலில் போய் உட்கார்ந்துகொள்ளும். போன மாதம் பழைய வலை மூட்டைக்கு நடுவில் நாலு குட்டி போட்டது. செவலை இரண்டு, கருப்பு ஒன்று, அம்மா மாதிரியே மூன்று கலரில் ஒன்று. ஆயா பார்த்த உடனே சொன்னார், "ஒரு அப்பன் இல்ல கண்ணு, ரெண்டு."

நான் நம்பவில்லை. குட்டிகள் கொஞ்சம் வளர்ந்த பிறகு ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். செவலையில் ஒன்று கடுவன், ஒன்று பெட்டை. கருப்பும் பெட்டை. சரி, அப்படியென்றால் ஆயா சொன்னதுதான் உண்மை.

ஏனென்றால் செவலை நிறத்துக்கான மரபணு, மரபணுக்களைச் சுமக்கும் இழைகளில் ஒன்றான எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. கடுவனுக்கு ஒரே எக்ஸ், அதுவும் அம்மா கொடுப்பது, அதனால் அது செவலையா கருப்பா என்பதில் அப்பனுக்குப் பங்கே இல்லை. பெட்டைக்கு இரண்டு எக்ஸ், அம்மாவிடம் ஒன்று, அப்பனிடம் ஒன்று. முழுச் செவலைப் பெட்டை என்றால் இரண்டிலும் செவலை இருந்தாக வேண்டும், ஆக அப்பன் செவலை. கருப்புப் பெட்டைக்கு இரண்டிலும் அது இருக்கக் கூடாது, ஆக அப்பன் செவலை இல்லை. ஒரே பருவத்தில் இரண்டு கடுவன்களோடு சேர்ந்து, இருவருக்கும் ஒரே ஈற்றில் குட்டி போடுவது பூனைகளிடம் நடப்பதுதான்.

அந்த மரபணு எது என்பது 2025-ல்தான் உறுதியானது. ஜப்பானில் கியூஷு பல்கலைக்கழகமும் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டும் தனித்தனியாகத் தேடி ஒரே இடத்தில் வந்து நின்றன: ஏ.ஆர்.எச்.ஜி.ஏ.பி.36 என்ற மரபணுவுக்குள் சுமார் 5,000 டி.என்.ஏ. எழுத்து நீளத் துண்டு ஒன்று காணாமல் போயிருக்கிறது. அது போனதால், நிறம் தயாரிக்கும் செல்லில் சும்மா இருக்க வேண்டிய இந்த மரபணு வேலை செய்ய ஆரம்பித்து, கருப்புக்குப் பதில் செவலை வருகிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தத் திட்டுகள் உருவாகும் விதம். பெட்டைக் கரு மிகச் சிறியதாக இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் தன் இரண்டு எக்ஸில் ஒன்றை மூடிவிடும், எதை மூடும் என்று கணக்கு கிடையாது, ஆனால் அதன் வழியில் பிறக்கும் செல்கள் எல்லாம் அதே எக்ஸைத்தான் மூடி வைத்திருக்கும். ஒரு எக்ஸில் மட்டும் செவலை இருந்தால், அது மூடின இடம் கருப்புத் திட்டு, மற்றது மூடின இடம் செவலைத் திட்டு. செல்கள் இப்படி ஒரு எக்ஸை மூடுவதை 1961-ல் சொன்னவர் பிரிட்டிஷ் மரபியல் விஞ்ஞானி மேரி லயன். மூடப்பட்ட எக்ஸ் சுருண்டு ஒரு புள்ளியாகத் தெரியும், அந்தப் புள்ளியை 1949-ல் கனடா விஞ்ஞானி மர்ரே பார் முதலில் பார்த்ததே பெட்டைப் பூனையின் நரம்பு செல்லில்தான். வெள்ளை மட்டும் வேறு மரபணுவின் வேலை, அங்கே நிறச் செல்லே போய்ச் சேரவில்லை.

2001 டிசம்பரில் டெக்சஸில் ரெயின்போ என்ற மூன்று கலர் பூனையை குளோன் செய்தார்கள், அதாவது அதன் ஒரு செல்லை எடுத்து அதிலிருந்து நகல் குட்டி உண்டாக்கினார்கள். பிறந்த குட்டியிடம் செவலையே இல்லை! எடுத்த செல்லில் செவலை எக்ஸ் ஏற்கெனவே மூடியிருந்தது.

மிச்சம் இருப்பது அந்தக் கடுவன் குட்டியும் மூன்று கலர் குட்டியும். இரண்டு அப்பன்களில் யாருக்கும் பிறந்திருக்கலாம், நிறத்தை வைத்துச் சொல்ல வழியே இல்லை. ஆயாவிடம் கேட்க வேண்டும்.