போர்ட் லூயிஸ்ல சுவர் பாக்கப் போறது

மொரிஷியஸ்ல வேலைன்னதும் ஊர்ல எல்லாரும் பீச் போட்டோதான் கேட்டாங்க. எனக்கு லீவு கிடைச்சா மெட்ரோ ஏறி தலைநகர் போர்ட் லூயிஸ் போய் பழைய சுவரும் சுவர் ஓவியமும் பாக்குறதுதான். இமிக்ரேஷன் ஸ்கொயர் பஸ் ஸ்டாண்டு கூச்சலத் தாண்டினா ஆப்ரவாசி காட். கூலியாளுங்க கப்பல்லேர்ந்து வந்து இறங்கின டிப்போ, 1849ல வந்தது. 1834லேர்ந்து 1920 வரைக்கும் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியா இந்தியாவுலேர்ந்து இந்தப் பக்கம் வந்தவங்க கிட்டத்தட்ட அஞ்சு லட்சம் பேராம். 2006ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்துட்டாங்க. ஆனா மிச்சமிருக்கிற இடம் 1,640 சதுர மீட்டர்தான், 16 கல் படி, கொஞ்சம் சுவர், ஒட்டியே மோட்டார்வே இரைச்சல்.

நம்மாளுங்க கதை அதுக்கும் முன்னாடியே ஆரம்பிச்சிடுது. 1735ல லபூர்தொனேங்கிற பிரெஞ்சுக்காரர் கவர்னரா வந்து துறைமுகம் கட்ட ஆரம்பிச்சப்பவே புதுச்சேரிப் பக்கத்துலேர்ந்து கொத்தனார், தச்சருன்னு கூட்டிட்டு வந்திருக்காங்க, அவங்க குடியிருந்த பகுதிக்குப் பேரே காம்ப் தே மலபார், அதாவது மலபார்காரங்க முகாம்; தமிழாளுங்களைத்தான் அப்படிச் சொல்லியிருக்காங்க. அதனால கருங்கல் சுவர் எதப் பாத்தாலும் இது எந்தக் கொத்தனார் கை வச்சதோன்னு ஒரு நினைப்பு.

இப்போ ஊருக்குள்ள சந்துகள்லதான் சுவர் ஓவியம். 2015ல போர்ல்வி பை லைட்னு ஒரு விழா நடந்துச்சு (போர்ல்வின்னா கிரியோல்ல போர்ட் லூயிஸ்), பழைய கட்டடங்களை லைட்டும் கலையுமா திரும்பிப் பாக்க வச்சாங்க. வாட்டர்ஃப்ரண்ட்ல இருக்கிறதெல்லாம் செல்ஃபிக்குத்தான், எனக்குப் பிடிச்சது மார்க்கெட்டுக்குப் பின்னாடி ஒரு கடை ஷட்டர்ல இருக்கிற கிழவி முகம். முக்காடு, மூக்குத்தி, தகரத்தோட மடிப்பே நெத்திச் சுருக்கமாயிடுச்சு, கன்னத்துல பெயிண்ட் உரிஞ்சு துரு தெரியுது.

ஆபீஸ்ல கூட இருக்கிற அக்கா இந்த ஊர்த் தமிழ்தான், வீட்டுல பிரெஞ்சுலேர்ந்து வந்த இந்த ஊர் மொழி கிரியோல்தான் பேசுவாங்க, ஆனா தைப்பூசக் காவடிக்கு விரதம் தப்பாது, கோவில்ல வாழை இலைபோட்டு ஏழு கறி. அவங்களை அந்தக் கிழவி ஷட்டருக்குக் கூட்டிட்டுப் போனேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு போனைத் தேடி ஒரு போட்டோ காட்டினாங்க. அவங்க கொள்ளுப்பாட்டியோட அம்மா, மோக்காங்கிற ஊர்ல மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட்ல இருக்கிற குடியேற்றப் பதிவேட்டுலேர்ந்து எடுத்ததாம். 1860கள்லேர்ந்தே கூலியாளுங்களை போட்டோ பிடிச்சு ஒட்டி வச்சிருக்காங்க, ஓடிப்போனா கண்டுபிடிக்கத்தான், பாசத்துல இல்ல. இப்போ குடும்பத்துக்கு மிஞ்சின ஒரே முகம் அதுவாத்தான் இருக்கு. ஷட்டர் கிழவிக்கும் அந்த போட்டோவுக்கும் சாயல் ஒண்ணும் இல்ல, ஆனா அக்கா இருக்குன்னு சாதிச்சாங்க, நானும் விட்டுட்டேன்.

போறவங்க ஞாயித்துக்கிழமை போங்க, ஷட்டர் மூடியிருந்தாத்தான் முகம் முழுசாத் தெரியும். என்ன, அன்னைக்கு தால் பூரிக்காரர் வரமாட்டார்.