சில்வர் பெயின்ட்டும் ஈர்க்குச்சியும்

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டியவர்களுக்குத் தெரியும், அங்கே பொழுது போக எதையாவது வெறித்துக்கொண்டிருக்க வேண்டும். தை மாதத்தில் ஒருநாள் நான் வெறித்தது முன்னால் நின்ற கார்களை. மூன்று சில்வர் கார்கள், மூன்றும் மூன்று நிறம். ஒன்றில் லேசாக நீலம் ஓடியது. ஒன்று பழைய அலுமினியக் குண்டான் மாதிரி மங்கியிருந்தது. இன்னொன்று வெயில் பட்ட பக்கம் வெள்ளை, நிழல் பக்கம் சாம்பல். என் சில்வர் காரில் பெயின்ட் பெயர்ந்த இடங்களை நானே மூடிவிட, கடையில் போய் 'ஒரு சில்வர் கொடுங்க' என்று கேட்கலாம் என்றிருந்த எனக்கு அப்போதே வயிற்றைக் கலக்கியது.

என் வண்டி 2012 சுவிஃப்ட். ஜல்லி லாரிக்குப் பின்னாலேயே போனதில் பானெட் முனையில் கல் பட்டுப் பெயின்ட் பெயர்ந்த நான்கு பொத்தல், எல்லாம் கடுகு முதல் உளுந்து அளவு. டிரைவர் கதவு விளிம்பில் ஒன்று, அது நானே எங்கள் வீட்டு கேட்டில் இடித்துக்கொண்டது. நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன். நகம் மாட்டாமல் வழுக்கினால் நிறமில்லாத மேல்பூச்சான கிளியரில் மட்டும் கீறல், காம்பவுண்டு என்கிற பாலிஷ் பசை போட்டுத் தேய்த்தால் போய்விடும். என்னுடையதில் ஐந்திலும் மாட்டியது. நான்கில் நிறத்துக்கு அடியிலிருந்த சாம்பல் பூச்சான பிரைமர் தெரிந்தது. ஒன்றில் தகரமே தெரிந்து செந்துருவும் பிடித்திருந்தது. எங்கள் பக்கத்து ஈரக்காற்றுக்கு அதை விட்டுவைக்க முடியாது.

நிறத்துக்கு ஒரு குறியீடு உண்டு. சில வண்டிகளில் டிரைவர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும், சிலவற்றில் பானெட்டைத் திறந்தால் தகட்டில் இருக்கும். என்னுடையது இசட்2எஸ், கம்பெனி வைத்த பெயர் சில்கி சில்வர். அந்தக் குறியீட்டுக்கே பொத்தலில் தொட்டு வைக்கிற டச்சப் பெயின்ட் பாட்டில் ஒன்று வாங்கினேன், மூடியிலேயே குட்டி பிரஷ்.

முதல் ஞாயிறு, காலை ஏழு மணி. பாட்டிலை நாலு குலுக்குக் குலுக்கிவிட்டு ஒரே தொடலில் ஒரு சொட்டு வைத்தேன். காய்ந்ததும் பார்த்தால் சில்வர் பானெட்டில் கரும்பழுப்பாக ஒரு மரு. மேலே கிளியருக்குப் பதிலாக நிறமில்லாத லேக்கரை வைத்தேன், அது பத்து நிமிடத்தில் பால் திரிந்த மாதிரி வெளுத்துப்போனது. போதாததற்குப் பக்கத்து வீட்டில் நெல் தூற்றினார்கள். சுணை முழுக்க ஈர லேக்கரில். அம்மா வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு, "முன்னாடி இருந்ததே தேவலாம்டா" என்றாள். உண்மைதான்.

தப்பான நிறத்தைக் கொடுத்துவிட்டார்கள் என்று இரண்டு நாள் புலம்பிக்கொண்டிருந்தேன். டிங்கரிங் பட்டறை அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு ஒரே வரியில் முடித்தார்: "கலர்ல குத்தம் இல்ல தம்பி, நீ வச்ச வெப்புதான் குத்தம்." மெட்டாலிக் பெயின்ட்டில் அலுமினியத் துகள் இருக்கிறது. கெண்டை மீனில் செதில் படிந்து கிடக்கும்போது எப்படி மின்னுகிறது, அதையே சுரண்டிக் குவித்தால் எப்படி மங்கிவிடுகிறது, அதே கதைதான். ஸ்பிரேயில் அடித்தால் துகள் தட்டையாகப் படியும். பிரஷால் கொழகொழவென்று வைத்தால் கண்டபடி நின்று கறுப்படிக்கும். நான் சரியாகக் குலுக்காததால் பாதித் துகள் பாட்டில் அடியிலேயே தங்கிவிட்டது. லேக்கர் வெளுத்ததற்குப் பனிதான் காரணம். பெயின்ட்டை இளக்கச் சேர்க்கிற தின்னர் ஆவியாகும்போது தகரம் குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரத்தைப் பூச்சுக்குள் இழுத்துக்கொள்கிறது. தை மாதத்துக் காலை ஏழு மணிக்கு மன்னார்குடியில் பெயின்ட் அடிக்க உட்கார்ந்தவனை என்ன சொல்ல.

வைத்ததைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்தெடுத்தேன். அப்புறம்தான் ஒரு புத்தி வந்தது: முதலில் பானெட்டைக் கழுவி காம்பவுண்டு போடு. இத்தனை வருட வெயிலில் மேல்பூச்சு மங்கியிருந்தது, தேய்த்ததும் நிறமே ஒரு படி ஏறியது. இதைச் செய்யாமல் எந்தப் பெயின்ட்டை வைத்து ஒப்பிட்டாலும் அழுக்கோடு ஒப்பிட்டதுதான்.

பிறகு பெட்ரோல் மூடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு தஞ்சாவூரில் பெயின்ட் கலந்து கொடுக்கிற ஒரு மிக்ஸிங் கடைக்குப் போனேன். குறியீட்டைப் போட்டதும் கம்ப்யூட்டர் ஒரே நிறத்துக்கு மூன்று நான்கு பதம் காட்டியது, கொஞ்சம் கருக்கு, கொஞ்சம் மஞ்சள் என்று. கடைக்காரர் அட்டைகளை மூடியின் மேல் வைத்து, ட்யூப் லைட் வெளிச்சத்தை நம்பாமல் வாசல் வெயிலுக்கு வந்தார். நேராகப் பார்த்தார், மூடியைச் சாய்த்துப் பார்த்தார். நேரே பொருந்திய அட்டை சாய்த்தால் பொருந்தவில்லை. இரண்டிலும் தேறியதை எடுத்து, தராசில் வைத்துச் சொட்டுச் சொட்டாகக் கலந்தார். கலந்ததை அட்டையில் அடித்துக் காயவைத்து, மேலே கிளியரும் அடித்த பிறகுதான் முடிவு சொன்னார். கிளியர் இல்லாமல் காய்ந்த பேஸ் கோட், அதாவது நிறப்பூச்சு, வெளிறித்தான் தெரியுமாம். "மூடி பக்கவாட்டுல இருக்கு சார், பானெட்டுதான் வெயில் தின்னுது. ஒரு மயிரிழை வித்தியாசம் வரும்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். நூறு மில்லிக்குக் குறைத்துக் கலக்க மாட்டார்களாம். எனக்குத் தேவை ஒரு ஸ்பூன்.

அடுத்த ஞாயிறு பதினொரு மணிக்கு மேல்தான் உட்கார்ந்தேன், தெருவில் யாரும் நெல் தூற்றவில்லை என்று பார்த்துக்கொண்டு. துருவை ஊசியால் சுரண்டி, மீதித் துருவை அடக்குகிற ரஸ்ட் கன்வெர்ட்டர் மருந்தைத் தொட்டுக் கறுக்கவிட்டு, அதன்மேல் பிரைமர் ஒரு புள்ளி. பிரஷைத் தூக்கிப் போட்டேன். விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவிக் கூராகச் சீவி, தின்னரில் இளக்கிய பெயின்ட்டில் நுனியை மட்டும் தொட்டுப் பள்ளத்தின் நடுவில் வைத்தால் அதுவே ஓரம் வரை பரவிக்கொள்கிறது. அரை மணி இடைவெளியில் நான்கு தடவை. மேலே கிளியர், சுற்றுப்புறத்தைவிட ஒரு துளி மேடாக. ஒரு வாரம் கைவைக்கவில்லை. பிறகு மிக நைசான 2000 நம்பர் உப்புத்தாளை ரப்பரில் சுற்றி, சோப்புத் தண்ணீர் விட்டு, மேட்டை மட்டும் தேய்த்தேன். இங்கே அவசரப்பட்டால் பக்கத்திலிருக்கும் நல்ல கிளியரும் போய்விடும். அந்த அடுக்கு ஒரு தலைமுடிக் கனம்கூட இருக்காது. கடைசியாகக் காம்பவுண்டு.

பானெட்டில் நான்கில் மூன்றை இப்போது நானே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. துரு பிடித்திருந்தது லேசாகக் குழிந்து நிற்கிறது, இன்னும் இரண்டு தடவை கிளியர் கேட்கும். கதவு விளிம்பு மட்டும் சாயங்கால வெயில் மேற்கிலிருந்து அடிக்கும்போது காட்டிக்கொடுக்கிறது. விளிம்பில் பெயின்ட் தங்காமல் வழிகிறது, அதற்கு ஸ்பிரேதான் வழி போல.

மீதித் தொண்ணூறு மில்லிச் சொச்சம் டப்பாவில் இருக்கிறது. பட்டுக்கோட்டை மச்சான், தன் வண்டியும் சில்வர்தானே, வீணாக்காமல் கொடு என்கிறார். அவர் வண்டி வேறு கம்பெனி. நீடாமங்கலம் கேட்டில் ஒருநாள் நிறுத்திக் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.