கழிவுத் தக்காளியில் கோழிக்குப் புழு வளர்த்தேன்

பாலக்கோடு பக்கம் தக்காளி விலை விழுந்தால் பறிக்கிற கூலிகூடக் கட்டாது. பழம் செடியிலேயே வெம்பும், மண்டியில் கழித்தது சாலையோரம் குவியும். அதே வாரம் நாட்டுக்கோழித் தீவனத்துக்கு நான் காசு எண்ணிக் கொடுப்பேன். அந்தப் பழத்தையே கோழித் தீனியாக்கத்தான் பிளாக் சோல்ஜர் ஈயின் புழுவை வளர்க்க ஆரம்பித்தேன்.

"ஈயையா வளக்கப் போற?" என்று அம்மா முகம் சுளித்தார். இது வீட்டு ஈ இல்லை. கருப்பாக, நீளமாக, குளவி மாதிரி இருக்கும், ஆனால் கொட்டாது. புழுப் பருவத்தில் சேர்த்த கொழுப்பை வைத்தே ஒரு வாரம் போல உயிரோடு இருந்து, முட்டையிட்டுச் செத்துவிடும். சோற்றில் வந்து மொய்க்கிற வேலையே அதற்கு இல்லை.

இந்த ஈயின் முட்டை விலைக்கும் கிடைக்கிறது. நான் ஈயை வரவழைத்தேன். மாட்டுக்கொட்டாய் நிழலில் ஒரு பழைய டிரம், உள்ளே அழுகிய தக்காளியும் தவிடும். இந்த ஈ தீனியின் மேல் முட்டையிடாது, பக்கத்தில் காய்ந்த இடுக்கு தேடும். அதனால் அட்டைப்பெட்டியை வெட்டி, அதன் ஓட்டைகள் தெரிகிறபடி மேலே கட்டித் தொங்கவிட்டேன். கோடையில் ஒன்றும் வரவில்லை. ஆவணி மழை பெய்து காற்றில் ஈரம் ஏறிய பிறகு அட்டை ஓட்டைக்குள் வெளிர்மஞ்சள் முட்டைக்கொத்துகள். ஒரு கொத்தில் நூற்றுக்கணக்கில் இருக்கும், நாலு நாளில் பொரியும்.

தீனிக்குப் பஞ்சமில்லை, தண்ணீரோடுதான் போராட்டம். தக்காளியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். அப்படியே கொட்டினால் அடியில் சாறு தேங்கிப் புளித்து நாறும், காற்றில்லாமல் புழு டிரம் சுவரேறி வெளியே வரும். பழத்தை நசுக்கிச் சாற்றை வடித்து, தவிட்டோடு பிசைய வேண்டும். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கணும், விரலிடுக்கில் நீர் சொட்டக்கூடாது. டிரம்மின் அடியிலும் ஓட்டை போட்டு வடிய விட்டேன். இந்தப் பதம் சரியாக இருந்தால் நாற்றம் இல்லை, வீட்டு ஈயும் குறைவு. மருந்து அடித்த கையோடு பறித்த பழத்தை மட்டும் யார் கொடுத்தாலும் வாங்கவே கூடாது, பூச்சி மருந்துக்கு இந்தப் புழுவும் பூச்சிதான். எறும்புக்கு, டிரம் வைத்த மேசைக் கால்களை நீர் ஊற்றிய டப்பாக்களில் நிறுத்தினேன்.

இரண்டு மூன்று வாரத்தில் புழு வெள்ளையாகக் கொழுத்து நிற்கும். கோழிக்கு அந்தப் பருவம்தான் நல்லது. கொழுப்பு அதிகம் என்பதால் கம்பு, கேழ்வரகோடு சேர்த்தே போடுகிறேன். அப்புறம் கருப்பாகி, தின்பதை நிறுத்திக் காய்ந்த இடம் தேடும். ஒரு பலகையைச் சாய்த்து வைத்தால் தானாக ஏறி வாளியில் விழும், பொறுக்கிற வேலை இல்லை. தோல் தடித்த இந்தப் புழு தூண்டில் முள்ளில் நன்றாக நிற்கிறது என்று மச்சான் மீன் பிடிக்கக் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைக்குக் கொஞ்சம் எடுத்துப் போவார். டிரம்மில் மிஞ்சுகிற சக்கை கத்தரிக்கு எரு.

கருப்புப் புழுவில் ஒரு பங்கை அடுத்த தலைமுறைக்காகத் தென்னைநார்க் கழிவில் விட்டு, கொசுவலைக் கூண்டுக்குள் வைக்கிறேன். வெளிச்சம் இல்லாவிட்டால் ஈ இணை சேராது. அதனால் கூண்டு மட்டும் கொட்டாய்க்கு வெளியே, காலை வெயில் விழுகிற பக்கம்.