அட்ஜஸ்ட்மென்ட்

நுவரெலியாவிலிருந்து ஹட்டன் பஸ். இருவர் சீட்டில் மூன்றாவதாக ஓர் அக்கா, மடியில் லீக்ஸ் கட்டு. "தம்பி, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க." நகர்ந்தேன். அந்தச் சொல்லின் வேரான லத்தீன் 'யுக்ஸ்டா'வுக்கு 'அருகில்' என்றுதான் அர்த்தமாம். அக்கா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்! லீக்ஸ் தாள்தான் காதுக்குள் போனது.

கணக்காளருக்கு அது ஆண்டு முடிவில் போடும் திருத்தப் பதிவு, கராஜ்காரருக்கு பிரேக் இறுக்குவது. சரி.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. நடுவில் அம்மாவின் பழைய சேலை. அந்தப் பக்கம் அண்ணனும் அண்ணியும், இந்தப் பக்கம் நாங்கள் ஐந்து பேர். "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்று அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. குழந்தை பிறந்த அன்றைக்கு ஆணியைப் பிடுங்கி, சேலையை நம் பக்கமாக ஒரு சாண் தள்ளிக் கட்டினார்.