கன்னத்து மச்சமும் பச்சைத் துணியும்

போட்டோ ஸ்டூடியோக்காரர் என் மச்சத்தை அழித்துவிட்டார்.

இடது கன்னத்தில், காதுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற மச்சம் அது. பள்ளிக்கூட டி.சி.யில் அங்க அடையாளங்கள் என்ற இடத்தில் முதல் வரியாக எழுதி, ஹெட்மாஸ்டர் பச்சை மையில் கையெழுத்துப் போட்ட மச்சம். கோவில்பட்டியிலிருந்து கொரியாவின் தேஜோன் நகரம் வரைக்கும் பத்திரமாக வந்து சேர்ந்தது, அலுவலக அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போன இடத்தில் காணாமல் போனது.

இங்கே படம் எடுப்பது இரண்டு நிமிஷ வேலை. அதற்கு அப்புறம்தான் உண்மையான வேலையே. பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு நம்மை உட்காரவைத்து, கம்ப்யூட்டரில் நம் கண்ணெதிரிலேயே நம்மைத் திருத்துகிறார்கள். அவர் என் தாடையை இரண்டு பக்கமும் உள்ளே தள்ளினார். தோள்களை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தார். நிறத்தை மூன்று படி வெளுக்கவைத்தார். கடைசியாக மச்சத்தின் மேல் ஒரு தட்டு. அவ்வளவுதான். மொத்தம் 20,000 வோன். மச்சத்துக்குத் தனியாகக் காசு இல்லை, சர்வீஸ் என்று சிரித்தார். அவ்வளவு அன்பான மனிதரிடம் எப்படிச் சண்டை போடுவது?

படத்தை அம்மாவுக்கு அனுப்பினேன். "ஏட்டி, யாரு இந்தப் பிள்ள? கூட வேலை பாக்குதா?" என்று பதில் வந்தது. நான்தான் என்று சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக, "நல்லாத்தான் இருக்கு. தரகர்கிட்ட இதைக் குடுக்கலாமா?"

சுருக்கென்றது எனக்கு. ஸ்டூடியோக்காரர் மேல் வராத கோபம் அம்மா மேல் வந்தது.

இந்த ஊரில் படம் என்பது விளையாட்டு இல்லை என்று போகப்போகத்தான் புரிந்தது. வேலைக்கான விண்ணப்பத்தில் படம் ஒட்டுவது இங்கே நெடுநாள் பழக்கம். 2017-ல் அரசுத் துறை வேலைகளுக்குப் படம், பிறந்த ஊர், படித்த கல்லூரி எதையும் கேட்கக்கூடாது என்று கொண்டுவந்தார்கள். தனியார் கம்பெனிகளில் பல இன்னும் கேட்கத்தான் செய்கின்றன. அதனால் வேலை தேடும் பிள்ளைகள் தலைமுடிக்கு ஒரு கடை, மேக்கப்புக்கு ஒரு கடை, அப்புறம் ஸ்டூடியோ என்று வரிசையாக ஏறி இறங்குகிறார்கள். கோட்டு இல்லையென்றால் ஸ்டூடியோவிலேயே ஒன்றை கம்ப்யூட்டரில் மாட்டிவிடுகிறார்கள்.

பெண்கள் மட்டும்தான் செலவழிக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். எங்கள் லேபில் இருக்கிற பையன்கள் மேஜையில் பைப்பெட் பெட்டிக்குப் பக்கத்தில் சன்ஸ்கிரீன் டியூப் நிற்கும். ஒருவன் மாதம் தவறாமல் போய் காதோரம் சிலிர்த்து நிற்கிற முடியை மருந்து போட்டுப் படியவைத்துக்கொண்டு வருகிறான். அதற்கு டவுன் பெர்ம் என்று பெயர். அவர்களைச் சொல்லி என்ன, ரோ மூ-ஹியூன் ஜனாதிபதியாக இருக்கும்போதே 2005-ல் கண் இமையில் ஆபரேஷன் செய்துகொண்டார். இமை தொங்கிப் பார்வையை மறைக்கிறது என்றுதான் காரணம் சொன்னார்கள், ஆனாலும் ஊரே அந்தப் புது இமையைப் பற்றித்தான் பேசியது. 2022 ஜனாதிபதித் தேர்தலில் லீ ஜே-மியூங் முடி கொட்டுவதற்கான சிகிச்சையையும் அரசு மருத்துவக் காப்பீட்டில் சேர்ப்பேன் என்று வாக்குறுதி கொடுத்தார். அந்த முறை தோற்றார், 2025-ல் ஜெயித்தார். நம் ஊரில் மிக்ஸி, கிரைண்டர் தருவதாகச் சொன்னவர்கள் உண்டு. வழுக்கையில் கைவைத்தவர் யாரும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

நவம்பரில் கல்லூரி நுழைவுத் தேர்வு முடிந்ததும், தேர்வு எண் சீட்டைக் காட்டினால் கண் பெரிதாகத் தெரிய இமையில் மடிப்பு வைக்கிற ஆபரேஷனுக்குத் தள்ளுபடி தருகிற ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. ஆனால் எல்லாருமே இதற்குத் தலையாட்டுகிறவர்கள் என்றும் சொல்ல முடியாது. 2018-ல் இளம்பெண்கள் பலர் லிப்ஸ்டிக்கை உடைத்து, முடியை ஒட்ட வெட்டிப் படம் போட்டு எதிர்ப்புக் காட்டினார்கள். அதே வருஷம் ஏப்ரலில் எம்பிசி டிவியின் காலைச் செய்தியில் லிம் ஹியோன்-ஜூ கண்ணாடி போட்டுக்கொண்டு செய்தி வாசித்தார். ஆமாம், வெறும் மூக்குக் கண்ணாடி. ஒரு பெண் அதைப் போட்டுக்கொண்டு வாசித்ததே பெரிய செய்தியாகிவிட்டது.

எனக்கு வந்த சங்கடம் வேறு. முகத்துக்கு ஒன்றும் போடாமல் லேபுக்குப் போனால், "உடம்பு சரியில்லையா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்பார்கள். நாலு பேர் கேட்டால் நமக்கே காய்ச்சல் அடிக்கிற மாதிரி இருக்கும். சரி, ஊரோடு ஒத்துப் போவோம் என்று கடைக்குப் போனேன். 1999-ல் தொடங்கிய ஆலிவ் யங் என்கிற அழகுசாதனக் கடை இப்போது முக்குக்கு முக்கு இருக்கிறது. அங்கே முகப்பூச்சுகளுக்கு நம்பர். 21 என்றால் வெளுப்பு, 23 என்றால் கொஞ்சம் மட்டு. பெரும்பாலான பெட்டிகள் அந்த 23-லேயே நின்றுவிட்டன. விற்கிற பெண் என் புறங்கையில் 23-ஐத் தடவினாள். ஆச்சி சஷ்டிக்கு விபூதி பூசிவிட்ட மாதிரி இருந்தது. அந்தப் பெண் என் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், மன்னிப்புக் கேட்டாள். அப்புறம் ஒரு லிப் பாமை இலவசமாகக் கொடுத்து அனுப்பினாள். இப்போது வெளிநாட்டு வியாபாரத்துக்காக முப்பது நிறம் வரை போடுகிற கொரியக் கம்பெனிகள் வந்துவிட்டன, ஆனால் நான் நின்ற அந்தக் கடை அலமாரிக்கு அது வந்து சேர்ந்திருக்கவில்லை.

இதில் கொரியாக்காரர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1975-லேயே ஃபேர் அண்ட் லவ்லி வந்த நாட்டிலிருந்து வந்தவள் நான். 2005-ல் ஆண்களுக்கென்று தனியாக ஒரு சிவப்பழகு கிரீம் வந்தபோது எங்கள் தெருவில் அண்ணன்மார் முகமெல்லாம் திடீரென்று சாம்பல் பூத்தது. 2020-ல் பேரில் இருந்த ஃபேரை எடுத்துவிட்டு குளோ என்று மாற்றினார்கள். பேர் மாறியதே தவிர, "கருப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்று கல்யாண வீட்டில் சொல்கிற அத்தைகள் மாறவில்லை. எத்தனை வாட்டி அதைப் பாராட்டு என்று நினைத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன்! இங்கே யாரும் அப்படி வாயால் சொல்வதில்லை. பேசாமல் கம்ப்யூட்டரில் வெளுத்துவிடுகிறார்கள்.

முடிக்கடைக் கதை இதைவிட வயிற்றெரிச்சல். வெட்டுவதற்கு 30,000 வோன், நம் காசுக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாய் பக்கம். அது போகட்டும். பெர்ம், சாயம், எண்ணெய்ச் சிகிச்சை என்று எதைத் தொட்டாலும் முடி நீளத்துக்கு ஏற்ப கூடுதல் கட்டணம். தோள் வரை ஒரு விலை, நெஞ்சு வரை ஒரு விலை. இடுப்பைத் தொடுகிற என் முடிக்கு விலைப்பட்டியலில் இடமே இல்லை, அந்தப் பெண் உள்ளே போய் முதலாளியைக் கேட்டுவிட்டு வந்தாள். வாரம் தவறாமல் நல்லெண்ணெய் ஊற்றி ஆச்சி வளர்த்த முடி. ஊரில் இதற்காகவே ஆண்டு விழா டான்ஸில் முன்வரிசை கிடைத்தது. இங்கே அபராதம்.

புருவம் திருத்தப் போனால் இன்னொரு கூத்து. ஊரில் பல்லில் நூலைக் கடித்துக்கொண்டு பார்லர் அக்கா அஞ்சு நிமிஷத்தில் முடித்துவிடுகிற வேலை. இங்கே நூலைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை, எல்லாரும் புருவத்தைப் பச்சை குத்திக்கொள்கிறார்கள். 1992-ல் கொரிய உச்ச நீதிமன்றம் பச்சை குத்துவது மருத்துவ வேலை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது, டாக்டர் அல்லாதவர் குத்தினால் குற்றம். அதற்குப் பிறகும் இந்த ஊரில் பாதிப் பெண்களின் புருவம் சட்டவிரோதமாக அழகாகத்தான் இருந்தது. 2025 செப்டம்பரில்தான் டாக்டர் அல்லாதவரும் உரிமம் வாங்கிக் குத்தலாம் என்று சட்டம் நிறைவேற்றினார்கள், அதுவும் அமலுக்கு வர இரண்டு வருஷம் ஆகும். நான் அந்தப் பக்கமே போகவில்லை. ஊருக்குப் போகிறபோது திருத்திக்கொள்வதோடு சரி.

இத்தனை புலம்பலுக்கு நடுவில் நான் மனசார, முனகாமல் காசு கொடுக்கிற இடம் ஒன்று உண்டு.

தேஜோனில் யூசொங் என்கிற பகுதி வெந்நீர் ஊற்றுக்குப் பேர்போனது. நடைபாதை ஓரத்திலேயே காலை நனைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கலாம், அதற்குக் காசில்லை. முதல் குளிர்காலத்தில் கெண்டைக்கால் தோல் வெடித்து, கீறினால் வெள்ளைக் கோடு விழுகிற நிலைமைக்கு வந்தபோது, லேபில் மூத்த அக்கா ஒருத்தி என்னைப் பொதுக் குளியல் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். பெண்கள் பகுதி தனி. உள்ளே யார் உடம்பிலும் ஒரு நூல் கிடையாது. ஆற்றில் குளித்தாலும் பாவாடையை மார்பு வரை ஏற்றிக் கட்டிக்கொள்கிற சனம் நாம். நான் துண்டைப் பிடித்துக்கொண்டு லாக்கர் பக்கமே நின்றேன். துண்டோடு தொட்டியில் இறங்கக்கூடாதாம். சரி, வந்தது வரட்டும் என்று இறங்கினேன். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு பாட்டி மட்டும் கிட்டே வந்து, என் கொண்டையை உற்றுப் பார்த்து, "இவ்வளவும் உன் முடியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். முடிக்கடையில் வாங்கிய அடிக்கு மருந்து போட்ட மாதிரி இருந்தது.

அரைமணி நேரம் சுடுதண்ணீரில் ஊறியதும் கூப்பிடுவார்கள். ரெக்சின் விரித்த உயரமான மேஜை. தேய்த்துவிடுகிற அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கருப்பு உள்ளாடைதான் அவருக்கு யூனிஃபார்ம். கையில் பச்சைத் துணி. அதற்குப் பெயர் இத்தாலி டவல், பிறந்த ஊரோ கொரியாவின் பூசான். 1960-களில் இத்தாலியிலிருந்து வந்த சொரசொரப்பான ரேயான் துணியை உறையாகத் தைத்து உடம்பு தேய்க்க விற்றிருக்கிறார்கள், நாடே பிடித்துக்கொண்டது. அந்த அம்மா ஒரு வாளித் தண்ணீரை மேலே வீசினார், வேலையை ஆரம்பித்தார். காது மடலுக்குப் பின்னால், விரல் இடுக்கு, குதிகால், எதுவும் பாக்கி இல்லை. தொடையில் பட் பட்டென்று இரண்டு தட்டினால் திரும்பிப் படுக்க வேண்டும். அழுக்கு சாம்பல் நிறத்தில் திரிதிரியாக உருண்டு வந்தது. அதை எனக்கு எடுத்தும் காட்டினார், ஏதோ அறுவடை செய்தவர் மாதிரி அவ்வளவு பெருமையாக. தினமும் இரண்டு வேளை குளிக்கிற பரம்பரை என்று நான் பீற்றிக்கொண்டதெல்லாம் அந்த மேஜையில் போனது.

25,000 வோன். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். வெளியே வந்து எல்லாரையும் போல ஒரு வாழைப்பழப் பாலை உறிஞ்சிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தபோது, இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது என்று தோன்றியது. இப்போதும் யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்கிறேன். பஸ் பழகிவிட்டது, கிம்ச்சி பழகிவிட்டது, காலணியைக் கழற்றி வைக்கிற வீடுகள் முதலிலிருந்தே நம் வீடு மாதிரிதான்.

ஆனால் அந்த மேஜையில் கண்ணை மூடிப் படுத்தால் ஒவ்வொரு தடவையும் எண்ணெய் வாசனைக்குக் காத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை விடிந்தால் ஆச்சி நல்லெண்ணெயில் நாலு மிளகைப் போட்டுக் காய்ச்சுவாள். பின்வாசல் கல்லில் உட்காரவைத்து உச்சியில் ஒரு கை எண்ணெய் வைத்து அறைகிற அறையில் பல் ஆடும். சீயக்காயோடு வெந்தயம், பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு, காய்ந்த ஆவாரம்பூ எல்லாம் போட்டு மில்லில் அரைத்து வருவோம். எங்களுக்கு முன்னால் எவராவது வத்தல் அரைத்துவிட்டுப் போயிருந்தால் அந்த வாரம் தெருவுக்கே கேட்கும் என் அலறல். "கண்ண மூடுட்டி, மூடுட்டி" என்று சொல்லிக்கொண்டே பீர்க்கங்காய் நாரால் முதுகைத் தேய்ப்பாள். அன்றைக்கு மிளகு ரசம், பகலில் தூங்கக்கூடாது, தூங்கினால் சூடு கண்ணில் இறங்கும். இதற்கெல்லாம் நான் ஆச்சிக்கு ஒரு பைசா கொடுத்ததில்லை. சும்மா உட்கார்ந்ததற்கு அவள்தான் எனக்குக் கடலை மிட்டாய் கொடுப்பாள்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது சித்தி, மதினி, பக்கத்து வீட்டு டீச்சர் என்று எல்லாரும் கொடுத்துவிட்ட பட்டியலில் சன்ஸ்கிரீனும் முகத்தில் ஒட்டுகிற ஷீட்டும்தான் இருந்தன. நானாக எடுத்துப் போனது பச்சைத் துணி. கங்கா ஸ்நானத்துக்கு அம்மா முதுகில் அதைப் போட்டேன். "தோல உரிச்சிராதட்டி, பாவி!" என்று கத்தினாள். உருண்டு வந்ததைக் காட்டியதும் வாயை மூடிக்கொண்டு, இன்னொரு தோளையும் காட்டினாள். கிளம்புகிற அன்று துணி என் பெட்டியில் இல்லை, அம்மாவின் குளியலறைக் கொடியில் தொங்கியது.

இதற்கு நான் அங்கே எவ்வளவு கொடுக்கிறேன் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். "ஆயிரத்தி ஐந்நூறா! அந்தக் காச டிக்கெட்டுக்குப் போட்டு அனுப்பு, நானே வந்து தேச்சுவிடுதேன்" என்கிறாள் இப்போது போன் பண்ணும்போதெல்லாம். டிக்கெட்டைப் பற்றிக் கவலையில்லை, போட்டுவிடலாம். வந்தால் யூசொங்குக்கு அழைத்துப் போகாமல் எப்படி இருப்பது? பால்காரன் மணி அடித்தாலே நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வருகிறவள் அவள். அந்த லாக்கர் முன்னால் என்ன சொல்வாள் என்று யோசித்தால் இப்போதே சிரிப்பு வருகிறது.