குளோரியாவின் ஆங்கிலம்

'மாடர்ன் ஃபேமிலி' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடரை முதன்முறை பார்த்தபோது, கொலம்பியாவிலிருந்து வந்த குளோரியா வாயைத் திறந்தாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அண்மையில் மறுபடியும் பார்த்தேன். பல இடங்களில் சிரிக்க மனம் வரவில்லை. குளோரியாவாக வரும் சோஃபியா வெர்காராவின் நடிப்பில் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. ஆனால் உரத்த குரல், சட்டென்று மூளும் கோபம், உடலை இறுக்கிப் பிடிக்கும் உடை, வயதில் மிகவும் மூத்த பணக்காரக் கணவர் என்று அந்தப் பாத்திரத்துக்குச் சேர்த்திருக்கும் ஒவ்வொன்றும், லத்தீன் அமெரிக்கப் பெண்களைக் காட்டுவதில் அமெரிக்கத் திரைக்கு நெடுங்காலமாகப் பழகிப்போனவை. 1939 முதல் 1943 வரை லூப்பே வேலஸ் என்ற மெக்சிகோ நடிகையை வைத்து எடுத்த நகைச்சுவைப் பட வரிசையிலேயே, சீறிப் பாயும், ஆங்கிலத்தைச் சிதைத்துப் பேசும் இந்தப் பெண் இருக்கிறாள்.

என்னை மிகவும் உறுத்துவது உச்சரிப்பை வைத்துச் செய்யும் கேலிதான். ஓர் அத்தியாயத்தில் குழந்தை இயேசு உருவங்கள் வேண்டும் என்று குளோரியா சொன்ன 'பேபி ஜீசஸ்', கேட்டவர் காதில் 'பேபி சீஸஸ்' என்று விழ, வீட்டுக்கு ஒரு பெட்டி நிறையச் சின்னஞ்சிறு சீஸ் கட்டிகள் வந்து சேர்கின்றன. கேலி பொறுக்காமல் அவள் தன் உச்சரிப்பையே மாற்றிப் பேச முயல்கிறாள். இரண்டாவது மொழியில் தடுமாறுகிறவரை அறிவிலும் குறைந்தவராக எண்ணும் பழக்கத்தை இத்தகைய காட்சிகள் சத்தமில்லாமல் வளர்க்கின்றன. தொடரை எழுதியவர்களுக்கும் இது தெரியாமல் இல்லை. பின்னர் வந்த ஓர் அத்தியாயத்தில், எதையும் மனத்துக்குள் மொழிபெயர்த்த பிறகே பேச வேண்டியிருக்கும் வேதனையைச் சொல்லிவிட்டு, ஸ்பானிய மொழியில் தான் எவ்வளவு கெட்டிக்காரி என்று தெரியுமா என அவளே கேட்கிறாள். தொடர் முழுவதிலும் என் மனத்தில் தங்கிய இடம் அதுதான். அடுத்த வாரமே பழைய கேலிக்குத் திரும்பிவிடுகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

இப்பெண்களுக்குத் திரையில் வாய்க்கும் பணிப்பெண் வேடம் இன்னொரு வார்ப்பு. லூப்பே ஓன்டிவெரோஸ் என்ற நடிகை, திரையிலும் மேடையிலுமாகத் தாம் ஏறக்குறைய 150 முறை வேலைக்காரியாக நடித்ததாகச் சொல்லியிருக்கிறார். அந்த வேலை இழிவானதன்று. முதலாளியின் வீட்டுக்கு வெளியே அவளுக்கென்று ஒரு வாழ்க்கையைக் காட்டாததே இழிவு.

2014இல் தொடங்கிய 'ஜேன் தி வர்ஜின்' தொடரைப் பார்த்தபோது எனக்கு மூச்சு விட முடிந்தது. மயாமியில் வாழும் வெனிசுவேலப் பூர்வீகக் குடும்பம் அது. பாட்டி ஆல்பா ஸ்பானிய மொழியில் பேசுகிறார், பேத்தி ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். அதை யாரும் விளக்குவதுமில்லை, கேலி செய்வதுமில்லை. குடியேற்ற ஆவணம் இல்லாத அந்தப் பாட்டி மருத்துவமனையில் கிடக்கும்போது நாடுகடத்தப்படும் அபாயம் வருகிறது. அவர் பேசும் மொழியில் எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. திரையின் அடியில் ஓடும் வரிகளைப் படித்துக்கொண்டே, அந்த முதியவளின் அச்சத்தை என் வீட்டுப் பெரியவர் ஒருவரின் அச்சமாகவே உணர்ந்தேன்.